யாரிங்கூலில் ஒரு பகல் நடனம்

பஸ் பின்னால் வரும்போது போடுகிற பீப் சத்தம் கேட்டது. ஊர் ஹாலின் பின்னறையில் செண்பகா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள், முதுகுப் பக்கம் ஹால் சாவியை வைத்திருக்கிற பெரிய மனுஷி பெரில், வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி கவுனின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், தலைக்கு மேலிருந்த சின்ன ஜன்னல் வழியாக முதலில் டீசல் வாடை வந்தது, அப்புறம் அந்தக் குரல். "ஸ்லோலி, டோரீன், ஸ்லோலி. ஐ ஆம் ஹோல்டிங், நோ? யூ வில் நாட் ஃபால்." கோவில்பட்டியை விட்டு வந்து எட்டு வருஷமாகியும் கரிசல் மண் உதிராத இங்கிலீஷ். மெல்போர்னிலிருந்து தொலைவான இந்தக் குட்டி ஊரில், யாரிங்கூலில், அப்படிப் பேசுகிறவள் ஒருத்திதான். அம்மா. அம்மா எப்படி இங்கே வந்தாள்? சனிக்கிழமை அம்மாவுக்கு லீவு, அம்மா வேலை பார்க்கிற முதியோர் இல்லத்து ஆட்களை பஸ்ஸில் கூட்டி வரப்போவது கூட வேலை பார்க்கிற ட்ரேசி. இதையெல்லாம் நைஸாக விசாரித்துத் தெரிந்துகொண்டுதானே "சனிக்கிழமை ஹால்ல ஒரு மீட்டிங்ம்மா, ஊரோட எதிர்காலத்தைப் பத்தி, உனக்கு போரடிக்கும்" என்று சொல்லிவைத்தது. பொய் என்றுகூட அன்றைக்குத் தோன்றவில்லை. ஊரோட எதிர்காலத்தைப் பற்றித்தானே இதுவும் என்று மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்று வாதாடினான். அந்த வக்கீலுக்கு எப்போதும் தூக்கம் கிடையாது. இப்போது மட்டும் ஆளைக் காணோம். வெளியே சக்கர நாற்காலியின் கால்தாங்கி டக்கென்று விழுந்தது. இன்னும் சற்று நேரத்தில் பியானோ தொடங்கும், கதவு திறக்கும், வெள்ளைக் கவுனும் முழங்கை வரை வெள்ளைக் கையுறையுமாக அவள் நடந்து போவாள், அம்மா பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பயம். சொல்லித் தொலைத்தால் பதில் சொல்லலாம்.

"மூச்சை இழுத்துப் பிடி, லவ்," என்றார் பெரில், குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து. "இதை என் மக போட்டப்போ அவளுக்கு இடுப்பே கிடையாது. இப்ப பெர்த்துல இருக்கா. இப்ப அவளுக்கு இடுப்பு மட்டும்தான் இருக்கு."

செண்பகா மூச்சை இழுத்தாள். நாப்தலின் உருண்டை வாடையும் பெரிலின் லாவண்டர் பவுடர் வாடையும் சேர்ந்து இறங்கியது. இந்தக் கூத்துக்கு எப்படித் தலையாட்டினோம் என்று ஒரு வாரமாகத் தன்னையே குறுக்கு விசாரணை பண்ணியாயிற்று. டெப் பால் என்று பெயர். பதினாறு, பதினேழு வயசான பெண்களுக்கு வெள்ளைக் கவுன் மாட்டி, ஊர்ப் பெரிய மனிதர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, முழங்காலை மடக்கி வணங்கவைத்து, இவள் இனி சின்னப்பிள்ளை இல்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டு ஆடுகிற நடனம். முன்னெல்லாம் இந்த ஹாலில் வருஷத்துக்கு இருபது பெண்கள் வரிசையில் நின்றார்களாம். அப்புறம் பத்து, அப்புறம் நாலு, அப்புறம் இரண்டு அக்கா தங்கச்சி, அப்புறம் யாருமில்லை. கோதுமைக் களஞ்சியங்கள் நிற்கின்றன, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், வங்கி போய்விட்டது, கால்பந்து அணி பக்கத்து ஊரோடு சேர்ந்து அதன் பேரும் போய்விட்டது. இந்த வருஷம் ஒரே ஒரு பெண், அவளுக்கும் பத்தொன்பது வயசு, அவளும் கோவில்பட்டிக்காரி. நடனத்தைப் பகல் இரண்டு மணிக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இருட்டில் கார் ஓட்டக் கண் தெரியாது, மீதிப்பேருக்கு ஐந்து மணிக்கு ராச்சாப்பாடு. கைபிடித்து ஆட வாலிபன் வேண்டுமே, அதற்கு கிரஹாம். ஐம்பத்தெட்டு வயசு. மாவட்டத்திலேயே முழங்கால் வேலை செய்கிற ஆம்பிளைகளில் இளையவர் அவர்தான். நல்ல மனுஷர். ஆடும்போது வாய்க்குள் ஒன், டூ, த்ரீ என்று எண்ணிக்கொண்டே இருப்பார், ஒத்திகையின் நாலாவது வாரத்திலும் எண்ணினார்.

எண்ணிக்கை. அதில்தான் வினை. மெல்போர்னில் மக்கள்தொகையியல் படிக்கிறவள், இரண்டாம் வருஷத்துக்கு ஒரு சின்ன ஊரை எடுத்து ஆராயச் சொன்னார்கள், தன் ஊரையே எடுத்தாள். வயசு வாரியாக ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் அடுக்கிக்கொண்டே போனால் படம் கோபுரம் மாதிரி வரவேண்டும், அடியில் குழந்தைகள், உச்சியில் கிழவர்கள். யாரிங்கூலுக்குப் பம்பரம் வந்தது. மேலே கொழுத்து, இறங்க இறங்கச் சூம்பி, அடியில் ஆணி. திரையில் அதைப் போட்டதும் வகுப்பே சிரித்தது, அவளும் முதலில் சிரித்தாள். ஆசிரியர் மட்டும் சிரிக்காமல், ரொம்பக் கனிவாக, "இந்த ஊர் போய்க்கொண்டிருக்கிறது" என்றார். அந்தக் கனிவுதான் பொறுக்கவில்லை. போய்க்கொண்டிருக்கிறது என்றால் எங்கே போகிறது, அங்கே ஆட்கள் காலையில் எழுந்து பல்லைத் தேய்க்கிறார்கள், நாய்க்குச் சோறு வைக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரனோடு வேலிச் சண்டை போடுகிறார்கள், நீங்கள் இங்கே ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்குப் பாடை கட்டுகிறீர்கள், இளசுகள் இல்லாத ஊர் ஊரே இல்லை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, வயசாவது என்ன வியாதியா என்று நின்றுகொண்டே கால் மணி நேரம் பொரிந்து தள்ளினாள். கடைசியில், "அந்த ஆணி நான்தான்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்த பிறகுதான் கொஞ்சம் பெருமையாக இருந்ததை உணர்ந்தாள். ஒரு ஊரே தன் ஒற்றைக் காலில் சுற்றுகிற மாதிரி.

அந்தப் பெருமையைத்தான் பெரில் கடையில், உறைந்த பட்டாணிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, தெரிந்தோ தெரியாமலோ தொட்டுவிட்டார். விடுமுறைக்கு வந்த மறுநாள். "எங்களுக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான், லவ்." அவ்வளவுதான் சொன்னார். வயிற்றுக்குள் பாகு மாதிரி ஒன்று இறங்கியது. தள்ளுவண்டிச் சக்கரம் நகர்வதற்குள் சரி என்று சொல்லிவிட்டாள். காரணமெல்லாம் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றது. இது களப்பணி, உள்ளே இருந்து பார்த்தால்தான் புரியும். இது முதியவர்களின் உரிமை, அவர்களும் தங்கள் சடங்கைக் கொண்டாட வேண்டாமா. இது அரசியல். எல்லாம் சரியான காரணங்கள். ஆனால் எங்களுக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான் என்கிற அதே சொல்லை, அதே சொல்லை, இன்னொருத்தி வாயிலிருந்து அவள் ஏற்கெனவே ஒரு தரம் கேட்டிருக்கிறாள். அப்போது வயிற்றில் பாகு இறங்கவில்லை. அப்போது வக்கீல் எழுந்தான்.

"கையை இறக்கிக்கோ. இல்ல, இல்ல, தூக்கு. பிடிச்சுக்கிச்சு. அசையாத."

பதிமூன்று வயசு, இங்கே வந்து இரண்டு வருஷம், ஸ்கூல் பாத்ரூமில் தெரிந்தது. அம்மா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு உளுந்தங்களி கிண்டினாள், மெல்போர்னிலிருந்து வரவழைத்த நல்லெண்ணெயை அதில் கிணறு மாதிரி ஊற்றினாள், பேசும்போதெல்லாம் குரல் உடைந்து சிரித்தாள். பெட்டிக்குள்ளிருந்து அரக்குக் கலரில் ஒரு பட்டுப்பாவாடை வந்தது. எப்போது வாங்கினாள், யாருக்குத் தெரியும். சீனிச்சாமி மாமா போனில் மண்டபம், சீர்வரிசை என்று கத்திக்கொண்டிருந்தார், அம்மா, "அங்க வேண்டாம்ணே, நான் இங்கயே வச்சுக்கிடுதேன்" என்றாள். இங்கயே. இந்தச் சொல் அன்றைக்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. செண்பகா அடுக்களை வாசலில் நின்றாள். எனக்கு ரத்தம் வந்தா அதை எதுக்கு ஊருக்குத் தம்பட்டம் அடிக்கணும், என் உடம்பு என்ன விளம்பரப் பலகையா, இங்க வந்தும் இந்தக் காட்டுமிராண்டித்தனமா, ஸ்கூல்ல தெரிஞ்சா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்கிறது. பதிமூன்று வயசுக்கு அபாரமான பேச்சு. அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "நீ ஒருத்திதானட்டி எனக்கு. எனக்குப் பாக்கணும்னு இருக்காதா?" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்தாயிற்று, அம்மா கிட்டத்தட்ட இறங்கி வந்துவிட்டாள். ஆனால் வாதத்தில் ஒரு ருசி உண்டு, எதிராளி விழுந்த பிறகும் கை ஓங்கித்தான் இருக்கும். "அப்படியே வச்சாலும் நீ என்னம்மா பண்ணப் போற? கட்டுக்கழுத்திங்கதான நலங்கு வைப்பாங்க? தாலி இல்லாத உன்னையக் கதவுக்குப் பின்னாடிதான நிறுத்துவாங்க? சரோஜா அத்தை கல்யாணத்துல நிறுத்துன மாதிரி? அதுக்கா இவ்வளவு ஆசை?" அப்பா போய் அப்போது நாலு வருஷம். சரோஜா அத்தை கல்யாணத்தில் அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டியதும், ஒரு கிழவி அதை நகர்த்தி வைத்ததும், அம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி வாழை இலை எண்ணப் போனதும் செண்பகா பார்த்தவள்தான். பார்த்து அழுதவள்தான். அழுத அதே காட்சியைக் கத்தியாகத் தீட்டி வைத்திருந்தாள் என்பது கையில் எடுக்கிறவரை அவளுக்கே தெரியாது. அம்மா களியை இறக்கிவைத்தாள். "சரி" என்றாள். அப்புறம் யூனிஃபார்மை இஸ்திரி போட்டாள், இல்லாத சுருக்கத்தையெல்லாம் தேடித் தேடி. பாவாடை பெட்டிக்குள் போனது. களி ஆறி, எண்ணெய் மேலே படர்ந்து, ராத்திரி குப்பைக்குப் போனது. அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சு ஒருநாளும் எழவில்லை.

இப்போது அம்மா பார்ப்பாள். காட்டுமிராண்டித்தனம் என்றவள் முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு, ஊர் முன்னால் மடங்கி வணங்கி, நான் பெரியவளாகிவிட்டேன் என்று நிற்பதைப் பார்ப்பாள். தனக்கு மறுத்ததை உறைந்த பட்டாணிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்ட மாத்திரத்தில் தூக்கிக் கொடுத்திருக்கிறாள் என்று பார்ப்பாள். வெள்ளைக்காரர் சடங்கு என்றால் கலாச்சாரம், நம்ம சடங்கு என்றால் அசிங்கமா, என்று வேறு யாராவது செய்திருந்தால் செண்பகாவே மேடை போட்டுக் கேட்டிருப்பாள். ஜிப்பை அறுத்துக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினால்? கிரஹாமுக்கு யார் சொல்வது? வெளியே தெல்மா பியானோ ஸ்டூலை இழுக்கிற சத்தம்.

"உங்கம்மா வந்தாச்சு போலயே," என்றார் பெரில். கடைசி ஊசியும் வாயிலிருந்து போயிருந்தது, பேச்சு தாராளமாக வந்தது. அம்மாவின் பெயர் இந்த ஊர் வாயில் ஷான் என்று சுருங்கியிருந்தது. "பிடிவாதக்காரி. முன்வரிசையில உனக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன் ஷான், லீவு நாள்தானேன்னு போன வாரமே சொன்னேன். கேக்கலையே. ட்ரேசிகிட்ட பேசி ஷிஃப்டை மாத்திக்கிட்டா. பஸ்ஸோட வந்தா போதுமாம்."

"போன வாரமா?"

"அதுக்கு முந்தி வாரமோ? நீ அவகிட்ட இன்னும் சொல்லலைன்னு சொன்னா. சொல்லணும்னு தோணுறப்போ சொல்லுவா, நானா கேக்க மாட்டேன்னா. நல்ல பொம்பளை."

செண்பகாவுக்கு இன்று காலை நினைவுக்கு வந்தது. வாசலில் ஷூவை மாட்டும்போது அம்மா அடுக்களைக்குள்ளிருந்து, முகத்தைக் காட்டாமல், "தலைக்கு எண்ணெய் வச்சிராத தாயி. மீட்டிங்ல பிசுபிசுன்னு இருக்கும்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணெய் வேண்டாமென்று சொல்கிறாளே என்று ஒரு கணம் உறுத்தியது, செண்பகா தட்டிவிட்டுப் போய்விட்டாள். அம்மாவுக்குத் தெரியும். இரண்டு வாரமாகத் தெரியும். ராத்திரி சாப்பிடும்போது, "மீட்டிங்ல நீயும் பேசுவியா?" என்று கேட்டாளே, "பேசுவேன்ம்மா, நிறைய" என்று இவள் அளந்தாளே, அப்போதும் தெரியும். பொய்யைக் கேட்டுக்கொண்டு, அதற்கு ரசம் ஊற்றி, அப்பளம் வைத்திருக்கிறாள்.

"அப்பவே இந்த ஹாலை வாடகைக்குக் கேட்டாளே, உனக்காக," என்று பெரில் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், கவுனின் தோள்பட்டையைத் தட்டி நேர்படுத்தியபடி. "நீ சின்னப் பிள்ளை. சாவி அப்பவும் என்கிட்டதான். உங்க ஊர் டெப் மாதிரியாமே அது, மஞ்சளும் பூவுமா. ஏதோ பேஸ்ட் எடுத்துப் பொண்ணு முகத்துல தடவணுமாம். எல்லாம் சொல்லிட்டு, ஒண்ணு கேக்கணும் பெரில்னு ரொம்ப நேரம் நின்னா. புருஷன் இல்லாதவ அதை முன்னால நின்னு செஞ்சா இங்க யாராவது தப்பா நினைப்பாங்களான்னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏம்மா, விதவைங்க முன்னால வரக்கூடாதுன்னா இந்த ஊர்ல இந்தப் பூட்டைத் திறக்கவே ஆள் இருக்காதேன்னேன். அவளும் சிரிச்சா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அப்புறம் வரவே இல்ல. ஏன் நடக்கல அது?"

செண்பகா கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் வெள்ளையாக என்னவோ நின்றது.

இங்கயே. இங்கயே வச்சுக்கிடுதேன். கதவுக்குப் பின்னால் நிறுத்த அத்தைகள் இல்லாத ஊர், கிண்ணத்தை நகர்த்தக் கிழவி இல்லாத ஊர் என்று பார்த்துத்தான், உலகத்தின் இந்தக் கோடியில் இருக்கிற இந்தப் பம்பரத்தில்தான், அம்மா தனக்கு ஓர் இடம் கண்டுபிடித்திருந்தாள். தாலி இல்லாதவள் விரலால் மகளின் கன்னத்தில் சந்தனம் வைக்க. செண்பகா அறிக்கையில் எழுதியிருந்தாள், கணவனை இழந்த பெண்களின் விகிதம் இங்கே வழக்கத்தைவிட மிக அதிகம் என்று. நிமிர்ந்து உட்கார்ந்து, அடிக்கோடு போட்டு எழுதினாள். ஊரின் பிரச்சினை என்கிற தலைப்புக்குக் கீழே. அந்தக் கூட்டத்துக்குள் அம்மாவும் ஒரு புள்ளியாக நிற்பது கண்ணில் படவில்லை. ஊருக்கு அது பிரச்சினை, அம்மாவுக்கு அது கதவு. வக்கீல் மெல்ல இருமினான். நீ சொன்னதில் தப்பு என்ன, அந்த வழக்கம் அயோக்கியத்தனம்தானே, புருஷன் செத்தால் பெண்டாட்டி கை எப்படி அசுத்தமாகும், அதை எதிர்த்துத்தானே பேசினாய் என்றான். ஆமாம், அயோக்கியத்தனம்தான், இன்றைக்கும் சொல்வாள், எங்கே வேண்டுமானாலும் சொல்வாள். ஆனால் அன்றைக்குக் கிண்ணத்தை நகர்த்தி வைத்த கிழவியிடம் அதைச் சொல்லவில்லையே. மண்டபம் பிடிக்கிறேன் என்ற மாமாவிடம் சொல்லவில்லையே. அந்த வழக்கம் யாரை மிதித்ததோ அவளிடமே போய், நீ மிதிபட்டவள்தானே என்று சொல்லிக்காட்டிவிட்டு அதற்குப் புரட்சி என்று பேர் வைத்துக்கொண்டாள். கிண்ணத்தை நகர்த்திய கிழவிக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? கிழவி ஒரு தடவைதான் நகர்த்தினாள். காது மடல் சுட்டது, தொண்டை, கழுத்து, கவுன் மூடாத தோள் எல்லாம் சுட்டது. உரித்துப் போட்டுவிடலாம் போல இருந்தது, தோலை.

"கன்னம் நல்லா சிவந்திருக்கு," என்றார் பெரில் திருப்தியாக. "ரூஜ் வேண்டாம்."

கதவு திறந்தது. கிரஹாம் கையை நீட்டிக்கொண்டு நின்றார், கோட்டில் கற்பூர வாடை. தெல்மா பியானோவை அடித்தார். அவருக்குக் காது மந்தம், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பிறகு நடுவழியாக மேடைக்குப் போய் மேயர் முன்னால் மடங்க வேண்டும். ஒன், டூ, த்ரீ. செண்பகாவின் கால்கள் தாமாக நடந்தன. முன்வரிசை முழுக்க விதவைகள், ரோஸ், ஊதா, கிளிப்பச்சை, உதட்டுச் சாயம், முத்துமாலை, ஒருவர் தொப்பியில் துணிப்பூ. இத்தனை பேருக்கு நடுவே வெள்ளை உடுத்தியவள் அவள் ஒருத்திதான். "அழகா இருக்கா," என்று யாரோ கத்தினார்கள், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு. ஒரு காலி நாற்காலி. அம்மாவுடையது. ஒன், டூ. பக்கச் சுவர், போரில் செத்தவர்களின் பெயர்ப்பலகை, தேநீர் மேஜை, வெள்ளரிக்காய் சாண்ட்விச் வாடை. பின்வரிசை. கதவோரம் சக்கர நாற்காலிகள். கடைசி நாற்காலிக்கும் பின்னால், இல்லத்து நீலப் பனியனில், பெயர் வில்லையோடு, அம்மா. எந்த ஊர் மண்டபமானாலும் நிற்கிற அதே இடம்.

டோரீனின் கையில் க்ரீம் தடவிக்கொண்டிருந்தாள், சருகு மாதிரி இருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாக உருவி. நிமிர்ந்தாள். கவுனைப் பார்க்கவில்லை, முதலில் தலையைத்தான் பார்த்தாள். எண்ணெய் வைக்காத முடி சொன்னபடி நிற்கிறதா என்று. நின்றது. அம்மாவின் முகத்தில் கோபத்தைத் தேடினாள் செண்பகா, கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று. கோபம் இல்லை. கடை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறவர்கள் முகம் மாதிரி இருந்தது. கால் நின்றுவிட்டது. கிரஹாம் த்ரீயில் நின்று, ஒற்றைக் காலில் தடுமாறினார். பியானோ பாட்டுக்கு ஓடியது.

"முன்னாடி வாம்மா."

"இருக்கட்டும் தாயி," என்றாள் அம்மா. "இங்கிருந்தே நல்லாத் தெரியுது."

ஆயிரம் வாதம் இருந்தது. வாயைத் திறந்தால் அத்தனையும் கொட்டும், ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், அம்மா சரி என்பாள். செண்பகா வாயை மூடிக்கொண்டாள். கதவோரம் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குப் போடுகிற பிளாஸ்டிக் படி கிடந்தது, சேறு காயாமல். கிரஹாமின் கையை விட்டுவிட்டு அதன்மேல் போய் உட்கார்ந்தாள். கவுன் சுற்றிலும் உப்பி எழுந்து அடங்கியது. எங்கேயோ ஒரு ஊசி நழுவி முதுகைக் குத்தியது. மணையில் உட்காருகிற மாதிரி காலை மடக்கி, முகத்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹால் முழுக்க இடுப்பையும் கழுத்தையும் முறுக்கிக்கொண்டு திரும்பியது.

"ஏட்டி, என்ன பண்ணுத? எந்திரி. கவுன் அழுக்காவுது, அந்தம்மா என்ன நெனைக்கும்."

எந்திரிக்கவில்லை. அம்மாவுக்கு அப்புறம்தான் புரிந்தது. புரிந்ததும் செய்த முதல் காரியம், நிமிர்ந்து ஹாலை ஒரு தரம் சுற்றிப் பார்த்தது. யார் யார் இருக்கிறார்கள், யார் முகம் சுளிக்கிறார்கள், யார் கை குறுக்கே வரப்போகிறது என்று. அந்தப் பார்வையைச் செண்பகா கீழேயிருந்து பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்து, கடல் தாண்டி, இவ்வளவு பேர் பிரியமாகப் பழகுகிற ஊரில், இன்னும் அந்தப் பார்வை. யாரும் சுளிக்கவில்லை. முத்துமாலைகளும் துணிப்பூவும் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தன, அவ்வளவுதான். அம்மாவின் இரண்டு விரல் இறங்கியது, க்ரீமோடு. வலது கன்னத்தில் ஒரு இழுப்பு, இடது கன்னத்தில் ஒரு இழுப்பு. குளிர்ந்திருந்தது, மருந்து வாடை அடித்தது. நெற்றிக்கு வந்த விரல் பாதியில் நின்றது. நின்று, பிறகு வந்தது.

"ஷான், அது என் க்ரீம்," என்றார் டோரீன்.

"லிட்டில் ஒன்லி, டோரீன். ஐ வில் பை நியூ." அம்மாவின் குரல் உடைந்திருந்தது, களி கிண்டிய அன்றைக்கு உடைந்த மாதிரி. "போ தாயி. பெரியவுக காத்துக்கிட்டு இருக்காக. போ."

எழுந்து கிரஹாமின் கையை மறுபடி பிடித்தாள். நடுவழி நீளமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா? கேட்டால் அம்மா மன்னித்துவிடுவாள், உடனே, யோசிக்காமல். அது இன்னொரு ஜெயிப்பு ஆகிவிடும். வெட்கம் கொஞ்சமும் இறங்கவில்லை, கூடவே நடந்து வந்தது, கிரஹாமைவிடத் தாளம் தப்பாமல். க்ரீம் காயக் காயத் தோலை இழுத்தது. மேடையில் மேயர் குனிந்து, தணிந்த குரலில், "முகத்துல ஏதோ ஒட்டியிருக்கும்மா," என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "தெரியும்," என்றாள். துடைக்கவில்லை. முழங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தினாள். பழகியதைவிடத் தாழ. அப்போது பின்னால் சக்கர நாற்காலியின் பிரேக் டக்கென்று விடுபடுகிற சத்தம் கேட்டது. ரப்பர் சக்கரங்கள் மரத்தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு நடுவழியில் உருண்டு வந்தன, முன்வரிசையை நோக்கி. கரிசல் மண் உதிராத அந்தக் குரல் யாருக்கோ, எல்லாருக்குமோ, சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தது. "எக்ஸ்க்யூஸ் மீ. ஸாரி. டோரீன் கான்ட் சீ ஃப்ரம் பேக்."

"எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது," என்றார் டோரீன்.

செண்பகா தலையை நிமிர்த்தவில்லை.